கோட்டம் எடுத்த வீல் பத்தே நாளில் திரும்பக் கோணுது: ரிம் போச்சா, கம்பியா?

அவிநாசி_மிதி:

வணக்கம். வண்டி 700சி ஹைப்ரிட். பின்னால 7 பல்சக்கரம், வி-பிரேக், ரெண்டு வீல்லயும் 36 கம்பி, டபுள் வால் (ரெட்டைச் சுவர்) அலாய் ரிம். அவிநாசி–திருப்பூர் தினமும் போய் வர்ற வண்டி. பின் கேரியர்ல பையும் சாப்பாடும் சேர்த்து ஆறேழு கிலோ இருக்கும்.

பின் வீல்ல ஒரு எடத்துல கோட்டம். பிரேக் கட்டைகிட்ட வெச்சுப் பாத்தா வலப்பக்கமா 3 மி.மீ. ஒதுங்குது. ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை கடையில கோட்டம் எடுத்தாச்சு. வண்டியிலயே வெச்சு, டயரைக் கழட்டாம, பத்து நிமிஷத்துல முடிச்சுக் குடுத்தாங்க. கொண்டு வர்றப்ப நேரா ஓடுது, பத்து நாள் கழிச்சு அதே எடத்துல கட்டை உரசுது. கடையிலிருந்து கிளம்பின முதல் அரை கிலோமீட்டர்ல கம்பியிலிருந்து டிக், டிக்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் நின்னுரும். அது எதனாலன்னும் புரியலை.

இப்ப ரிம்மையே மாத்தச் சொல்றாங்க. நிஜமாவே ரிம் போச்சான்னு வீட்லயே கண்டுபுடிக்க வழி இருக்குங்களா? நிப்பிள் கீ (கம்பி நுனியை ரிம்மோட புடிச்சு நிக்கற குட்டி நட்டைத் திருப்பற சாவி) வாங்கறதுன்னா எந்த அளவு? இன்னொண்ணு, வீட்ல அப்பாவோட 28 இஞ்ச் கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதிலா இரும்புக் கம்பியால இழுக்கற பிரேக்) வண்டி ஒண்ணு நிக்குது. அதுக்கும் இதே முறைதானா?


நிப்பிள்சாமி:

அந்த டிக் டிக் சத்தத்துலயே பாதி பதில் இருக்குங்க. நிப்பிளைத் திருப்பறப்ப மரை இறுகிப் புடிச்சு, நிப்பிளோட சேர்ந்து கம்பியும் கொஞ்சம் முறுக்கிக்கும். கீயை எடுத்த பிறகும் அந்த முறுக்கு கம்பியிலயே தங்கிரும். நீங்க ஏறி உக்காந்து மிதிச்சீங்கன்னா, தரையைத் தொடற எடத்துக்கு வர்ற கம்பியில மட்டும் இறுக்கம் குறையும். அந்தச் சமயத்துல கம்பி டிக்குனு முறுக்கவிழ்ந்துக்கும். கடையில முடுக்கின கால் சுத்துல ஒரு பங்கு ஊர் எல்லையைத் தாண்டறதுக்குள்ளயே போயிருச்சுன்னு அர்த்தம்.

அதைவிடப் பெரிய காரணம் வீல் முழுசுக்கும் இறுக்கம் பத்தாம இருக்கறது. 36 கம்பியும் லொடலொடன்னு இருந்தாலும் வீலைப் பிரேக் கட்டைக்கு நேரா நிறுத்திர முடியும். பாக்கறதுக்கு நேரா சுத்தும். ஆனா வேகத்தடையில ஏறி எறங்கறப்ப அடியில வர்ற கம்பி முழுசாவே தொய்ஞ்சு போகும். தொய்ஞ்ச கம்பியில நிப்பிள் தானா கழண்டுக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் துளித்துளியா. கம்பி முறிஞ்சா 'ரொம்ப முடுக்கிட்டாங்க'ன்னு பொதுவா ஒரு பேச்சு வரும். பெரும்பாலும் அதுக்கு நேர்மாறுங்க. தொய்ஞ்சு இறுகி, தொய்ஞ்சு இறுகி, ஹப்புல (வீலோட நடு உருளை) மாட்டற எடத்துல, கொண்டி மாதிரி வளைஞ்ச கழுத்துல உலோகம் களைச்சுப்போய்த்தான் முறியுது.

கீயைத் தொடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துருங்க.

வீலோட உச்சியைப் புடிச்சு இடம் வலமா ஆட்டுங்க. டக்கு டக்குனு ஆட்டம் இருந்தா அது கோன் (அச்சுல பால்ரஸை அணைச்சுப் புடிக்கற கூம்பு நட்டு) லூஸு. அதைச் சரி பண்ணாம கோட்டம் எடுத்தா, ஆடற வீலுக்கு அளவு பாத்த கதைதான். பின் கோனுக்குப் பெரும்பாலும் 15 மி.மீ. கோன் ஸ்பேனர், முன்னுக்கு 13. அடுத்து, வீலோட அச்சு ஃபிரேம் காடிக்குள்ள ரெண்டு பக்கமும் முழுசா உக்காந்திருக்கான்னு பாருங்க. டயர் ஒரு எடத்துல ரிம்முக்குள்ள சரியா உக்காராம இருந்தாலும் வீல் துள்ளற மாதிரி தெரியும், அதனால டயரைப் பாக்காதீங்க, ரிம்மோட விளிம்பைப் பாருங்க. கடைசியா நிப்பிள் ஓட்டையைச் சுத்தி மயிரிழை மாதிரி விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க, முக்கியமா பல்சக்கரப் பக்கத்து ஓட்டைங்க. விரிசல் இருந்தா பேச்சே இல்லை, ரிம்தான்.

ரிம் போச்சா கம்பியாங்கற கேள்விக்கு ஒரு எளிய சோதனை இருக்கு. உங்க ரிம் வலப்பக்கம் ஒதுங்குது. அந்த எடத்துல இருக்கற கம்பிங்களை நெகத்தால சுண்டிக் காது குடுங்க. இடப்பக்கத்துக் கம்பி தொளதொளன்னு இருந்து, வலப்பக்கத்துக் கம்பி மத்த வலக் கம்பிங்க மாதிரியே சத்தம் குடுத்தா, கோளாறு கம்பியோட நின்னுருச்சு. அதுக்கு மாறா, இடக் கம்பி விறைப்பா இருந்து, வலக் கம்பி லூஸா இருந்தும் ரிம் வலப்பக்கமே போகுதுன்னா, ரிம்மே வளைஞ்சிருக்கு. இடக் கம்பி தம் கட்டி இழுத்தும் வரலைன்னுதானே அர்த்தம். இன்னும் சந்தேகமா இருந்தா அந்த எடத்துல ஆறு கம்பியை முழுசாத் தளர்த்திட்டு வீலைச் சுத்திப் பாருங்க. கம்பியோட பிடி இல்லாதப்பவும் ரிம் 3 மி.மீ. மேல வளைஞ்சு நின்னா, அந்த அலாய் ரிம்மை நேராக்கறேன்னு மல்லுக்கட்ட வேண்டாம்.

சத்தத்தை இடத்தோட இடம், வலத்தோட வலம்தான் ஒப்பிடணும். பின் வீல்ல பல்சக்கரத்துக்கு எடம் விட்டு ஹப்போட வலக் காது (கம்பி மாட்டற விளிம்பு) உள்ள தள்ளி இருக்கறதால வலக் கம்பி செங்குத்தா நிக்கும், இறுக்கமும் அதிகம். வலது 100ன்னா இடது 60க்குப் பக்கத்துல இருக்கறது இயல்பு. சமமா இருக்கணும்னு இடதை ஏத்தினா ரிம் நடுவை விட்டு ஓடிரும்.


ஓவராயில்:

ஏனுங் தம்பி, சாமி சொன்னது அத்தனையும் சரிதானுங். கடைப் பக்கத்து நாயத்தையும் சித்தே சொல்லிப்போடறேன். காத்தால வேலைக்குப் போற வழியில வண்டியை நிறுத்தி 'கோட்டம் எடுங்க, நிக்கறேன்'னு சொன்னா, உரசற எடத்துல ரெண்டு கம்பியை முடுக்கித்தான் அனுப்புவாங்க. அது உரசலை நிறுத்தற வேலை, வீல் வேலை இல்லீங். வீலைக் கழட்டி, டயர் டியூப் எடுத்துப்போட்டு, கம்பி எல்லாத்தையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டாரணும்னா முக்கா மணி நேரத்துலிருந்து ஒரு மணி நேரம் புடிக்கும். அப்படி வேணும்னா அப்படியே வாய்விட்டுக் கேளுங்க: 'வீலைக் கழட்டி, கம்பி டென்ஷன் சமம் பண்ணிக் குடுங்க, பொழுதோட வந்து எடுத்துக்கறேன்.' கூலி எச்சாத்தான் ஆகும். குடுக்கறது நாயம்.

நல்ல கைன்னு எப்படித் தெரியும்? முடுக்கற அளவுக்குத் தளர்த்தவும் செய்வாரு. வீலைக் கழட்டித் திருப்பி மாட்டிப் பாப்பாரு. கம்பியை ரெண்டு ரெண்டாப் புடிச்சு அமுக்கிப் பாப்பாரு. முடுக்கறதை மட்டுமே பண்ணீட்டு இருந்தார்னா, நாலாவது தடவைக்கு ரிம் அந்த எடத்துல உள்ளாற இழுத்துப் பள்ளம் உளுந்துபோகும். அது துள்ளற வீல். கோட்டத்தைவிட அதைச் சரி பண்றதுதான் நெம்பக் கஷ்டம்.

கீ வாங்கறப்ப பாத்து வாங்குங்க. சுத்தி அஞ்சாறு வாய் வெச்ச உருண்டைக் கீ எல்லாக் கடையிலயும் கெடைக்கும். அதுல வாய் கொஞ்சம் லூஸா இருந்தாலும் நிப்பிளோட நாலு மூலையும் மழுங்கிப்போகும். புது மாடல் வண்டிக்கு நிப்பிள் அளவு 3.23, 3.3, 3.45 மி.மீ. இந்த மூணுல ஒண்ணா இருக்கும். தனித்தனி வாய் கீ வாங்கறது நல்லது. வீலையே கடைக்குக் கொண்டுபோய், எது கஷ்டப்பட்டு உள்ள போகுதோ அதை எடுங்க. சுளுவாப் போறது உங்க கீ இல்லை. பழைய தடிக் கம்பி வண்டிக்கு 3.96 வரைக்கும் வரும்.

எண்ணெய் விடாம நிப்பிளைத் திருப்பாதீங்க. நம்ம பக்கம் போர் தண்ணியில வண்டி கழுவறாங்க, அந்த உப்பு நிப்பிள் வாய்ல பூத்துப்போய் நிக்கும். அலாய் நிப்பிளா இருந்தா வெள்ளைப் பொடியாட்ட தெரியும். கம்பி நிப்பிளுக்குள்ள போற எடத்துல ஒரு சொட்டு, நிப்பிள் ரிம்முல உக்கார்ற எடத்துல ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விட்டுப்போடுங்க. திருப்பூர்க்காரங்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய்க்கா பஞ்சம், அதுவே போதும். தேங்காண்ணெய் மட்டும் ஆகாதுங், பொள்ளாச்சியாவே இருந்தாலும். நாள்பட்டா பிசுபிசுன்னு ஆகிப்போகும். பிரேக் கட்டை புடிக்கற எடத்துல எண்ணெய் பட்டா வேலை முடிஞ்சதும் ஸ்பிரிட்ல தொடச்சுப்போடுங்க.


அவிநாசி_மிதி:

ரெண்டு பேருக்கும் நன்றிங்ணா. சொன்னபடி பாத்தேன், இதோ நிலவரம்.

கோன் ஆட்டம் இல்லை. விரிசலும் இல்லை. வலப்பக்கம் 18 கம்பியும் கிட்டத்தட்ட ஒரே சத்தம், டிங்குனு கேக்குது. இடப்பக்கம் 18ம் மந்தமா டொப்புனு கேக்குது. கோட்டம் இருக்கற எடத்துல இடப்பக்கம் நாலு கம்பி, நிப்பிளை வெறும் விரலாலயே திருப்ப முடியுது! அதுல ஒரு நிப்பிள் மூலை மழுங்கியிருக்கு.

வீலைத் திருப்பி மாட்டிப் பாக்கறதுன்னா என்னன்னு தெரியாம, ஒரு குத்துமதிப்பா சங்கிலியை ஒதுக்கிட்டு இடம் வலம் மாத்தி மாட்டினேன். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இருக்கற எடைவெளி 2 மி.மீ. மாறுது. நேரா மாட்டறப்ப ரிம் வலப்பக்கத்துக்கு நெருக்கமா இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?


நிப்பிள்சாமி:

குத்துமதிப்பாப் பண்ணினதே சரியான முறைங்க. திருப்பி மாட்டினா தப்பு ரெண்டு மடங்காத் தெரியும். 2 மி.மீ. மாறுதுன்னா, ரிம் நடுவிலிருந்து 1 மி.மீ. வலப்பக்கம் தள்ளி இருக்கு. இடக் கம்பி மொத்தமும் லூஸு, கோட்டத்துகிட்ட நாலு சுத்தமாக் கழண்டது, ரிம் வலப்பக்கம் தள்ளி நிக்குது. மூணும் ஒரே கோளாறு. ரிம் போகலை, காசை மிச்சம் பண்ணுங்க.

உங்களுக்கு ஒரு சௌகரியம். இடதை ஏத்தினா வலதும் தானாகவே இறுகும். ரெண்டும் எதிரெதிரா இழுக்கற கயிறு மாதிரிதானே. அதனால வலப்பக்கத்தைக் கடைசி வரைக்கும் தொட வேண்டியிருக்காது, நுணுக்கமான சரிக்கட்டல் தவிர.

வண்டியைக் கவுத்தி வையுங்க. பல்சக்கரம் இருக்கற பக்கம்தான் எப்பவும் வலது, கவுத்தினாலும் அதேதான். இதுலதான் பாதிப் பேர் கொழம்புவாங்க. டயரையும் டியூபையும் கழட்டிருங்க. ரெண்டு பக்கத்துப் பின் குழாய்லயும் எலாஸ்டிக் சுத்தி ஒரு ஈர்க்குச்சியைச் செருகி, நுனி ரிம்மைத் தொடாம 1 மி.மீ. தள்ளி நிக்கற மாதிரி வையுங்க. அதுதான் உங்க அளவுகோல். பிளாஸ்டிக் கேபிள் டை கட்டி நுனியை வெட்டி விட்டாலும் சரி.

திருப்பற திசை: டயர் இருக்கற பக்கத்திலிருந்து திருப்புளி வெச்சு முடுக்கறதா நெனச்சுக்குங்க. கடிகார முள் போற பக்கம் போனா இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பாத்தா அது தலைகீழாத் தெரியும். தப்பாத் திருப்பிட்டோமோன்னு சந்தேகம் வந்தா உடனே கம்பியைச் சுண்டுங்க, சத்தம் ஏறியிருந்தா இறுகியிருக்கு.

முதல்ல அந்த நாலு லூஸு கம்பி. பக்கத்துல இருக்கற இடக் கம்பிங்களோட சத்தம் வர்ற வரைக்கும் கால் கால் சுத்தா ஏத்துங்க. நாலையும் மாத்தி மாத்தி ஏத்தணும், ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. இங்கயே உங்க 3 மி.மீ. கோட்டத்துல பெரும்பகுதி போயிரும். மழுங்கின நிப்பிளை இந்தச் சமயத்துலயே மாத்திருங்க. ரிம் டேப்பை விலக்கினா டபுள் வால் ஓட்டை வழியா நிப்பிள் தலையில காடி தெரியும், திருப்புளியாலயே கழட்டலாம். புது நிப்பிள் உள்ள விழுந்துட்டா கலகலன்னு சுத்திட்டே இருக்கும், ஒரு பழைய கம்பி நுனியில மாட்டி ஓட்டைக்குள்ள விடுங்க.

அடுத்தது வால்வு ஓட்டையிலிருந்து ஆரம்பிச்சு, இடக் கம்பி ஒவ்வொண்ணுக்கும் கால் சுத்து. ஒரு முழுச் சுத்து கம்பியை 0.45 மி.மீ. இழுக்கும், ஏன்னா மரை இஞ்சுக்கு 56. கால் சுத்துங்கறது அதுல நாலுல ஒரு பங்கு. கம்மியாத் தெரியும், 18 கம்பியும் சேர்ந்து இழுக்கறப்ப ரிம் நல்லாவே நகரும். ஒரு வட்டம் முடிஞ்சதும் திருப்பி மாட்டி நடு பாருங்க. ரெண்டு பக்கமும் எடைவெளி சமமாகறதுக்கு ரெண்டு மூணு வட்டம் தேவைப்படலாம்.

முறுக்கு விழாம இருக்க ஒரு வழி: கம்பி மேல ஒட்டு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டிக்குங்க. நிப்பிளைத் திருப்பறப்ப கொடி கூடவே திரும்பினா, கம்பி முறுக்கிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். தேவையான எடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய், கொடி பழைய நிலைக்கு வர்ற வரைக்கும் பின்னால திருப்புங்க. நாலஞ்சு கம்பிக்கு ஒட்டிப் பாத்தா எவ்வளவு தாண்டணும்னு கைக்கே பிடிபட்டுரும்.

இப்ப மேடு பள்ளம் பாருங்க. ஈர்க்குச்சியை ரிம்மோட வெளி விளிம்புக்கு மேல வெச்சுச் சுத்தினா மேடு இடிக்கும். மேடு இருக்கற எடத்துல இடது ஒண்ணு வலது ஒண்ணு ஜோடியா முடுக்கணும், பள்ளத்துல ஜோடியாத் தளர்த்தணும். ஜோடியாப் பண்ணினா பக்கவாட்டுக் கோட்டம் கெடாது. 1 மி.மீ.க்குள்ள வந்தாப் போதும், மிதிக்கறப்ப தெரியாது. பக்கவாட்டுல அரை மி.மீ. வரைக்கும் கொண்டு வாங்க. அதுக்கும் கீழ போகணும்னு உக்காந்தா, ஞாயித்துக்கிழமை போயிரும், இறுக்கமும் ஏறுக்கு மாறா ஆயிரும். நேரா இருக்கறதுக்கும் சமமா இறுகறதுக்கும் சண்டை வந்தா சமத்துக்கே ஓட்டுப் போடுங்க.

கோட்டத்துல நடுக் கம்பிக்கு அரைச் சுத்துன்னா, ரெண்டு பக்கமும் அடுத்து இருக்கறதுக்குக் கால். ஒரு பக்கத்தை முடுக்கற எடத்துல எதிர்ப் பக்கத்தை அதே அளவு தளர்த்துங்க, ரிம் மேல கீழ நகராம பக்கவாட்டுல மட்டும் போகும்.

கடைசியா, கையுறை மாட்டிட்டு, ஒரே பக்கத்துல ஒண்ணை ஒட்டி ஒண்ணு போற கம்பிங்களை ரெண்டு ரெண்டாப் புடிச்சு நல்லா அமுக்குங்க. வீல் முழுக்க. கழுத்து ஹப் ஓட்டையில படிஞ்சு உக்காரும், மிச்ச முறுக்கும் அங்கயே டிக்குனு அவிழ்ந்துரும். அமுக்கினதும் கோட்டம் கொஞ்சம் திரும்ப வந்தா பயப்படாதீங்க, ரோட்டுல வர வேண்டியது வீட்லயே வந்துருச்சு. சரி பண்ணிட்டு மறுபடி அமுக்குங்க. அமுக்கியும் மாறாம நின்னா முடிஞ்சுது.

எவ்வளவு இறுக்கம் போதும்? டென்ஷன் மீட்டர் வெச்சிருக்கறவங்க டபுள் வால் ரிம்முக்கு வலப்பக்கம் 100லிருந்து 120 கிலோ வரைக்கும் வைப்பாங்க. மீட்டர் இல்லைன்னா, அதே ரகத்துப் புது வண்டி, நல்லாக் கட்டின வீல் ஒண்ணைக் கடையில சுண்டிப் பாத்துட்டு வந்து காதால ஒப்பிடுங்க. கம்பி நீளமும் தடிமனும் ஒண்ணா இருந்தாத்தான் இந்த ஒப்பீடு செல்லும். எல்லை தாண்டினாலும் வீலே சொல்லும்: அமுக்கினதும் ரிம் ரெண்டு பெரிய அலையா வளைஞ்சா, இறுக்கம் ரிம் தாங்கறதைத் தாண்டிருச்சு. எல்லாத்தையும் அரைச் சுத்து எறக்கிருங்க.

50 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை சுண்டிப் பாருங்க.


நாப்பது கொண்டை ஊசி:

டிஸ்க் பிரேக் வண்டிக்காரங்களும் படிப்பாங்கன்னு ரெண்டு விஷயம் சேர்க்கறேன். டிஸ்க் வண்டியில 2, 3 மி.மீ. கோட்டம் இருந்தாக்கூட எங்கயும் உரசாது. அதனால யாரும் கண்டுக்கறதில்லை, கம்பி முறியறப்பத்தான் தெரியும். மாசம் ஒரு தடவை சுண்டிப் பாக்கறதே போதும். சிங் சிங்குனு விட்டுவிட்டுச் சத்தம் வந்தா அது வீல் கோட்டம் இல்லை, டிஸ்க் தட்டு வளைஞ்சிருக்கறது. நிப்பிளைத் தொட்டு ஒரு புண்ணியமும் இல்லை. டிஸ்க் வண்டியோட முன் வீலும் பின் வீல் மாதிரிதான், டிஸ்க் இருக்கற இடப்பக்கம் இறுக்கம் அதிகம் இருக்கும். அங்க ரெண்டு பக்கத்தையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வரப் பாக்காதீங்க. எண்ணெய் விடறப்ப தட்டு மேல ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் பேட் கெட்டுரும், வீலைக் கழட்டிப் படுக்க வெச்சுத் துணி மூடிட்டுத்தான் விடணும்.

வழியில கம்பி முறிஞ்சா: ஆழியாறு தாண்டி வால்பாறை மலைப்பாதையில ஏறறவங்க நிப்பிள் கீ எடுத்துட்டுப் போறது நல்லது, அந்த 40 வளைவுலயும் கடை கிடையாது. முறிஞ்ச கம்பியைப் பக்கத்துக் கம்பி மேல சுத்தி விடுங்க, பல்சக்கரத்துல மாட்டக் கூடாது. முறிஞ்சது வலக் கம்பின்னா, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற இடக் கம்பிங்களை அரை அரைச் சுத்து தளர்த்தினா பிரேக் கட்டையில இடிக்காம வீடு வந்து சேரலாம். 36 கம்பி வீல் ஒண்ணு இல்லாட்டியும் தாங்கும். 24 கம்பி வீல்னா அந்த நம்பிக்கை வேண்டாம், பிரேக்கைத் தளர்த்திட்டுத் தள்ளிட்டு எறங்குங்க.

புதுக் கம்பி வாங்கறப்ப முறிஞ்சதையே கையில கொண்டு போங்க, ரெண்டு துண்டையும். நீளம்ங்கறது கழுத்து வளைவோட உள்பக்கத்திலிருந்து மரை முடியற நுனி வரைக்கும். பின் வீல்ல இடதும் வலதும் ஒண்ணு ரெண்டு மி.மீ. வித்தியாசப்படும். எல்லாத்துக்கும் ஒரே கம்பின்னு குடுத்தா வாங்காதீங்க. கம்பி நுனி நிப்பிள் தலையில இருக்கற காடியோட அடி வரைக்குமாவது வரணும். குட்டையா இருந்தா மரை நிப்பிள் தலைக்குள்ள எட்டாது, தலை தனியாப் பிச்சுட்டுப் போயிரும். நீளமா இருந்தா மரை முடிஞ்ச எடத்துல நிப்பிள் முட்டி நின்னுரும், ஒத்தை வால் ரிம்மா இருந்தா நுனி டியூபைக் குத்தும்.

வலப்பக்கத்துக் கம்பி மாத்தறதுக்குப் பல்சக்கரத்தைக் கழட்டியே ஆகணும். அந்த ரிமூவரும் பெரிய ஸ்பேனரும் வீட்ல இருக்காது. நிப்பிள் வேலையை வீட்லயும் பல்சக்கரம் கழட்டறதைக் கடையிலயும் வெச்சுக்கறதுதான் என் கணக்கு.


ஓவராயில்:

தம்பி அந்த 28 இஞ்சு வண்டியைக் கேட்டிருந்தீங்கல்லங். அது வேற சாதி. பழைய ரோட்ஸ்டர்ல முன்னால 32 கம்பி, பின்னால 40. பாரம் முழுக்க பின்னாலங்கறதால அந்தக் கணக்கு. இரும்பு ரிம், ஒத்தை வால் (ஒத்தைச் சுவர்).

கம்பி பிரேக்ல கட்டை ரிம்மோட பக்கவாட்டுல புடிக்கறதில்லீங், உள்பக்கத்துல, ஹப்பைப் பாத்தாப்ல இருக்கற மொகத்துல புடிக்கும். அதனால பக்கவாட்டுல 2 மி.மீ. ஆடினாலும் அந்த வண்டி கண்டுக்காது. பள்ளம் உளுந்திருந்தாத்தான் வம்பு, அந்த எடம் வர்றப்ப கட்டை கப்புனு புடிச்சு விடும். ஆகவே இதுல மேடு பள்ளத்தை முதல்ல பாருங்க, கோட்டத்தை அப்பறம் பாத்துக்கலாம்.

அலாய்ல ஆகாதது இரும்புல ஆகும். பள்ளம் உளுந்த எடத்துல நாலஞ்சு கம்பியை நல்லாத் தளர்த்திப்போட்டு, டயர் டியூப் எடுத்துட்டு, உள்பக்கத்துல வேப்ப மரக்கட்டை முட்டுக் குடுத்து, சுத்தியல்ல சன்னமா வெளியே தட்டுங்க. சுத்தியல் நேரா ரிம்முல படக் கூடாது, நிக்கல் உரிஞ்சா துரு ஏறிப்போகும். விளிம்பு மடங்கியிருந்தா திருகுக் குறடுல துணி சுத்திப் புடிச்சு நிமித்துங்க. வீல் எட்டு மாதிரி வளைஞ்சு போனதை மண்ணுல போட்டு மிதிச்சு நிமித்தறதும் உண்டு, இரும்புக்கு ஓடும், ஆனா அப்பறம் 40 கம்பியையும் ஆரம்பத்துலிருந்து கட்டணும். அலாய் ரிம்மை அப்படி மிதிச்சா அடுத்த குழியில விரிசல் விடும்.

ரொம்ப நாள் நின்ன வண்டின்னா நிப்பிள் துருவுல ஒட்டியிருக்கும். ஒரு வாரம் தினம் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் மிஷின் எண்ணெயும் பாதிப் பாதி கலந்து விடுங்க. திருப்பறப்ப முதல்ல தளர்த்தற பக்கம் அசைச்சுப் பாருங்க, அசைஞ்ச பொறவு முடுக்குங்க. எடுத்த எடுப்புலயே முடுக்கினா கம்பி மரைகிட்ட அறுந்துபோகும். பத்துல ரெண்டு எப்படியும் அறும், அதனால பத்துப் பன்னெண்டு கம்பி நிப்பிளோட வாங்கி வெச்சுட்டு வேலையை ஆரம்பிங்க.

முடுக்கி முடிச்சதும் ரிம்முக்கு உள்ள கையை விட்டுத் தடவுங்க. ஒத்தை வால் ரிம்முல நிப்பிள் தலைக்கு மேல கம்பி நுனி நீட்டிட்டு இருந்தா அரத்துல ராவி மட்டம் பண்ணி, புது ரிம் டேப் போடுங்க. பழைய நாடாவையே போட்டா வாரத்துக்கொரு பஞ்சர்.

முழுச் செயின் கவர் வண்டியா இருந்தா பின் வீலைக் கழட்டறதே அரை நாள் வேலைங். வீல் வெளியே வந்ததோட கையோட ஹப்பைப் பிரிச்சு பால்ரஸை மண்ணெண்ணெய்ல கழுவி புது கிரீஸ் வெச்சுப்போடுங்க. இன்னொரு தடவை அந்தக் கவரைக் கழட்ட யாருக்கும் மனசு வராது.


அவிநாசி_மிதி:

நேத்து பொழுதோட உக்காந்து முடிச்சேன். இடப்பக்கம் மூணு வட்டம் ஏத்தினதுல ரிம் நடுவுக்கு வந்துருச்சு, பக்கவாட்டு ஆட்டம் அரை மி.மீ.க்கும் கம்மி. கீ 3.45தான் சேர்ந்துச்சு. கொடி ஒட்டற வேலை கண்ணைத் தொறந்துருச்சு, கால் சுத்து திருப்பினா அதுல பாதி வெறும் முறுக்குதான். காத்தால ஓட்டினப்ப டிக் சத்தம் ஒண்ணுகூட வரலை. 50 கிலோமீட்டர் ஆனதும் சுண்டிப் பாத்துட்டு எழுதறேன். அப்பா வண்டிக்கு இன்னைக்குத்தான் முதல் சொட்டு விட்டிருக்கேன்.